அமைச்சரின் நாற்காலியும் மண்டபம் முகாமும்

கென்னத் வால்ட்ஸ் 1979இல் வெளியிட்ட 'சர்வதேச அரசியலின் கோட்பாடு' நூலைத் தொடாமல் சர்வதேச உறவுகளில் முதுகலைப் பட்டம் வாங்கியவர்கள் அரிது. டெல்லியில் படித்தாலும் சரி, கோலாலம்பூரில் படித்தாலும் சரி, முதல் ஆண்டிலேயே அது மேசைக்கு வந்துவிடும். மலேசியாவையும் கோஸ்டாரிகாவையும் அடிப்படையாக வைத்து உலக அரசியலுக்கு ஒரு கோட்பாடு கட்ட முயல்வது அபத்தம் என்று அதில் ஓரிடத்தில் வால்ட்ஸ் வாதிடுகிறார். ஒரு தொழிலின் போக்கைத் தெரிந்துகொள்ள அதன் பெரிய நிறுவனங்களைப் பார்ப்பதுதான் முறை; உலகத்தின் போக்கையும் வல்லரசுகளே தீர்மானிக்கின்றன, ஆகவே கோட்பாடும் அவற்றைப் பற்றியதாகவே இருக்க முடியும் என்பது அவர் கட்சி.

இதில் வலு இல்லை என்று சொல்ல மாட்டேன். 1962 அக்டோபரில் கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நின்றபோது, உலகம் தப்புமா என்பது இரண்டு தலைநகரங்களின் கையில் இருந்தது. கோஸ்டாரிகாவை யாரும் கேட்கவில்லை. கியூபாவையே கேட்கவில்லை, ஏவுகணைகளைத் திரும்பக் கொண்டுபோகும் முடிவு காஸ்ட்ரோவிடம் கலந்துபேசாமலே எடுக்கப்பட்டது. உலகம் இப்படி இருக்கிறது என்று வால்ட்ஸ் சொன்னால் அதை மறுப்பது கடினம். என் கவலை அந்தப் பக்கத்தைக் கோலாலம்பூரில் உட்கார்ந்து படிக்கிற இருபத்திரண்டு வயதுப் பெண்ணைப் பற்றியது. தன் நாடு கோட்பாட்டுக்குத் தகுதியற்றது என்பதை அவள் ஒரு பாடமாகப் படிக்கிறாள், அடிக்கோடிடுகிறாள், தேர்வில் எழுதுகிறாள். இரண்டு ஆண்டுகள் முடிவதற்குள் வாஷிங்டன் என்ன செய்ய வேண்டும், பெய்ஜிங் எப்படி எதிர்வினையாற்றும் என்பதைச் சரளமாக எழுதக் கற்றுக்கொள்கிறாள். அவள் ஊரின் மீன்பிடித் துறைமுகத்துக்கும் ரப்பர் தோட்டத்துக்கும் அந்த எழுத்தில் இடம் இருப்பதில்லை.

இந்தப் படிப்பு தரும் ஆழமான பயிற்சி இதுதான் என்று நினைக்கிறேன். அது மாணவரை அமைச்சரின் நாற்காலியில் உட்கார வைக்கிறது. முடிவுகள் அங்கே எடுக்கப்படுவதால் அந்த நாற்காலியிலிருந்து யோசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அது இல்லாமல் இந்தத் துறையே இல்லை. ஆனால் அங்கேயே உட்கார்ந்து பழகியவருக்கு, அந்த முடிவு யார் வீட்டுக் கூரையில் போய் விழுகிறது என்பது கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கோஸ்டாரிகாவையே எடுத்துக்கொள்வோம். 1948இல் அந்த நாடு தன் ராணுவத்தைக் கலைத்தது. உள்நாட்டுப் போர்களும் ராணுவப் புரட்சிகளும் மலிந்த மத்திய அமெரிக்காவில், முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக ராணுவம் இல்லாமலே இருந்துவருகிறது. பாதுகாப்புக்குப் பலம் தேவை என்று தொடங்கும் எந்தக் கோட்பாடும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி அந்த நாடு. கேள்வியாக வர வேண்டியதை விதிவிலக்கு என்று கடந்துபோவதற்கும் ஒரு பயிற்சி வேண்டியிருக்கிறது.

இந்தத் துறை பிறந்ததே ஒரு துக்கத்தில். வேல்ஸ் நாட்டின் கடலோர ஊரான அபெரிஸ்ட்வித்தின் கல்லூரியில் 1919இல் சர்வதேச அரசியலுக்கென ஒரு பேராசிரியர் இருக்கை நிறுவப்பட்டது. டேவிட் டேவிஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினரும் அவருடைய சகோதரிகள் க்வெண்டலின், மார்கரெட் இருவரும் 20,000 பவுண்டு கொடுத்தார்கள். அவர்களுடையது நிலக்கரியில் செழித்த குடும்பம். டேவிஸ் முதல் உலகப் போரில் களத்தில் இருந்தவர். சகோதரிகள் பிரான்சில் படைவீரர்களுக்கு உணவகம் நடத்தியவர்கள். போரில் இறந்த, காயம்பட்ட மாணவர்களின் நினைவாகத்தான் அந்தக் கொடை. நாடுகள் ஏன் மோதிக்கொள்கின்றன என்று ஒழுங்காகப் படித்துப் புரிந்துகொண்டால் இன்னொரு தலைமுறை பதுங்குகுழியில் சாகாமல் தடுக்கலாம் என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். இருபது ஆண்டுகளில் அந்த நம்பிக்கை நொறுங்கியது என்பதற்காக அதன் மீது எனக்கு மரியாதை குறையவில்லை. துக்கத்திலிருந்து ஒரு கல்வித்துறையை உண்டாக்கிய மனிதர்கள் அவர்கள்.

அந்தத் துக்கத்துக்கு ஓர் எல்லை இருந்தது. அந்த இருக்கைக்குப் பின்னர் அமெரிக்க அதிபர் உட்ரோ வில்சனின் பெயர் சூட்டப்பட்டது. 1919 ஏப்ரலில், பாரிஸ் அமைதி மாநாட்டில், புதிதாக அமையவிருந்த சர்வதேச சங்கத்தின் விதிகளில் இனச் சமத்துவத்தை ஏற்கும் ஒரு வாசகம் வேண்டும் என்று ஜப்பான் கேட்டது. ஆணையத்தின் 17 வாக்குகளில் 11 ஆதரவாக விழுந்தன. ஒருமித்த ஒப்புதல் இல்லை என்று சொல்லி, தலைமை வகித்த வில்சன் அதை நிராகரித்தார். அதே ஏப்ரலில்தான் அமிர்தசரஸில் ஜாலியன்வாலாபாக். பேரரசுக்குள் நடந்த கொலை அன்றைய கணக்கில் சர்வதேச விஷயமே இல்லை, அது உள்விவகாரம். அபெரிஸ்ட்வித்தின் முதல் பேராசிரியர் ஆல்ஃப்ரட் ஜிம்மர்ன் பிரிட்டிஷ் பேரரசு படிப்படியாகக் காமன்வெல்த்தாக மாறுவதை உலகத்துக்கே முன்மாதிரியாகக் கண்டவர். உலகத்தின் அமைதியைப் பற்றிப் பாடம் தொடங்கியபோதே, அதன் பெரும்பகுதி மக்கள் பாடத்திட்டத்துக்கு வெளியே நின்றிருந்தார்கள்.

1936இல் அதே இருக்கைக்கு ஈ.எச். கார் வந்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, போர் மூண்ட சமயத்தில், அவருடைய 'இருபதாண்டு நெருக்கடி' வெளியானது. வசதியாக இருக்கும் நாடுகள் தங்களுக்கு நல்லதை உலகத்துக்கே நல்லது என்று பேசும் விதத்தை அவர் தோலுரித்தார். அந்தக் கருவி இன்றும் மழுங்கவில்லை. அதைக் கையில் எடுக்கும் மாணவர் ஒன்றையும் கூடவே படிக்க வேண்டும்: அந்த நூலின் முதல் பதிப்பில் கார், ஹிட்லரோடு செய்துகொண்ட 1938 மியூனிக் உடன்பாட்டை ஆதரித்தார். செக்கோஸ்லோவாக்கியாவின் நிலத்தைப் பிரித்துக் கொடுத்த அந்தப் பேச்சுவார்த்தையில் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு இடம் இல்லை. பலமுள்ளவர்களின் பாசாங்கை அவ்வளவு துல்லியமாகக் கண்ட அறிவாளியின் கண்ணிலும் மேசைக்கு வெளியே நின்ற நாடு படவில்லை.

அமெரிக்காவில் இந்தத் துறையின் பிறப்பு இன்னும் சங்கடமானது. இன்று வெளியுறவுக் கொள்கை பற்றிப் பேசுபவர்கள் எல்லாம் மேற்கோள் காட்டும் 'ஃபாரின் அஃபேர்ஸ்' இதழ் 1922இல் தொடங்கியது. அது உள்வாங்கிக்கொண்ட முந்தைய இதழின் பெயர் 'சர்வதேச உறவுகள் இதழ்'. அந்த இதழும் 1910இல் கிளார்க் பல்கலைக்கழகத்திலிருந்து தொடங்கியபோது வேறு பெயரில் வந்தது: 'இன வளர்ச்சி இதழ்'. 'பின்தங்கிய' இனங்களை யார், எப்படி ஆள்வது என்பதுதான் அன்றைய சர்வதேச உறவு. இந்தப் பெயர் மாற்றத்தை முதுகலை வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்கள் இருந்தால் அவர்கள் நல்ல ஆசிரியர்கள்.

அதே காலத்தில், வாஷிங்டனில் கறுப்பின மாணவர்களுக்காக நடந்த ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் வேறொரு சர்வதேச உறவுப் படிப்பு வளர்ந்தது. அலைன் லாக் 1915–16இல் இனங்களுக்கிடையிலான உறவைப் பற்றி அங்கே தொடர் சொற்பொழிவுகள் நிகழ்த்தினார். ஹோவர்டுக்கு வெளியே இருந்த டபிள்யூ.இ.பி. டு போய்ஸ், உலகப் போரின் வேர் ஆப்பிரிக்காவைப் பங்கு போட்ட போட்டியில் இருக்கிறது என்று 1915இலேயே எழுதிவிட்டார். ரால்ஃப் பஞ்ச் ஹோவர்டில் கற்பித்தவர், பின்னர் ஐ.நா.வின் சார்பில் அரபு–இஸ்ரேல் போர்நிறுத்த உடன்பாடுகளைப் பேசி முடித்து 1950இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றார்.

இவர்களில் மெர்ஸ் டேட்டைப் பற்றி எழுதாமல் என்னால் நகர முடியவில்லை. 1905இல் மிச்சிகன் மாநிலக் கிராமம் ஒன்றில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த கறுப்பினப் பெண். கல்லூரிப் படிப்பை மிகச் சிறப்பாக முடித்தும் சொந்த மாநிலத்தின் உயர்நிலைப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை கிடைக்கவில்லை. கறுப்பினத்தவரை அன்று அங்கே எடுப்பதில்லை. இண்டியானாபோலிஸில் கறுப்பின மாணவர்களுக்கென்று பிரித்து நடத்திய பள்ளியில் பாடம் சொல்லிக்கொடுத்துக்கொண்டே மேலே படித்தார். 1935இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஆய்வுப் பட்டம் பெற்றார். அங்கே அப்படிப் பட்டம் பெற்ற முதல் ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண் அவர். 1941இல் ஹார்வர்டோடு இணைந்த ராட்கிளிஃபில் முனைவர் பட்டம். அடுத்த ஆண்டு வெளிவந்த அவருடைய நூல் ஆயுதக் குறைப்பு பற்றியது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆயுதக் குறைப்பு மாநாடுகள் ஏன் தோற்றன என்பதை அரசுகளின் நலனை வைத்தே அளந்து காட்டிய நூல். நாடுகளின் பலக் கணக்கை அவர் வால்ட்ஸ் அளவுக்குக் கறாராகப் போட்டார். 1942 முதல் 35 ஆண்டுகள் ஹோவர்டில் பேராசிரியராக இருந்தார். 1950–51இல் ஃபுல்பிரைட் நல்கையில் இந்தியா வந்து சாந்திநிகேதனில் பாடம் நடத்தினார். பிறகு பசிபிக் பக்கம் திரும்பி, ஹவாயை அமெரிக்கா விழுங்கிய வரலாற்றை எழுதினார். அணுகுண்டுச் சோதனைகளால் பசிபிக் தீவு மக்களுக்கு நேர்ந்ததை 1960களிலேயே ஆய்வுக் கட்டுரையாக்கினார்.

நாற்காலியில் உட்காரவும் தெரிந்து, வெளியே நிற்பவரின் இடத்திலிருந்து பார்க்கவும் தெரிந்த ஓர் ஆய்வாளர். இரண்டும் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதற்கு அவர் வாழ்க்கையே சான்று. ஆனாலும் இந்தத் துறையின் வரலாற்றை ஜிம்மர்ன், கார், மார்கெந்தாவ், வால்ட்ஸ் என்று வரிசையாகச் சொல்லும் பாடநூல்களில் பல பத்தாண்டுகள் அவர் பெயர் வரவில்லை. (மார்கெந்தாவுக்கு நியாயம் செய்வதானால், அதிகாரமே அரசியலின் சாரம் என்று எழுதிய அவர் வியட்நாம் போரைத் தொடக்கத்திலேயே எதிர்த்தவர். கோட்பாடு ஒருவரைக் கல்லாக்கியே தீரும் என்று விதி ஏதும் கிடையாது.)

இந்தியாவில் இந்தப் படிப்பு டெல்லி சப்ரூ ஹவுஸில் தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன்பே, 1943இல், இந்திய உலக விவகாரக் கழகம் அமைக்கப்பட்டது. 1947 மார்ச்சில், நாடு இன்னும் வெள்ளைக்காரன் கையில் இருக்கும்போதே, அந்தக் கழகம் புராணா கிலாவில் ஆசிய உறவுகள் மாநாட்டை நடத்தியது. 1955இல் கழகத்தின் முயற்சியில் சப்ரூ ஹவுஸில் இந்திய சர்வதேசக் கல்விப் பள்ளி பிறந்தது. முதல் இயக்குநர் ஏ. அப்பாதுரை. சென்னைப் பல்கலைக்கழகம் 1936இல் வெளியிட்ட அவருடைய ஆய்வு, 1000 முதல் 1500 வரையிலான தென்னிந்தியப் பொருளாதார நிலையைப் பற்றியது; நம் கோயில் கல்வெட்டுகளிலிருந்து விலைவாசியையும் வரியையும் வணிகக் குழுக்களையும் தேடி எடுத்தவர். அப்படிப்பட்டவர் உலக அரசியல் படிக்க ஒரு பள்ளி அமைத்தபோது, அது பகுதிவாரியாக அமைந்தது: மேற்கு ஆசியா, தென்கிழக்கு ஆசியா, ரஷ்யா, சீனா என்று. ஆய்வு மாணவர் அந்தப் பகுதியின் மொழியைக் கற்க வேண்டும், அங்கே போய் வர வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. சப்ரூ ஹவுஸ் நூலகத்தில் செய்தித்தாள்களை வெட்டி, பொருள்வாரியாக ஒட்டிக் கோப்புகளாக வைத்திருந்தார்கள். ஒரு தலைமுறை ஆய்வாளர்கள் அந்தத் துண்டுக் காகிதங்களைப் புரட்டித்தான் உலகம் கற்றார்கள். 1970இல் அந்தப் பள்ளி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

அடிமைத்தனத்திலிருந்து வெளிவந்த நாடு, உலகத்தைத் தன் கண்ணால் பார்க்கச் செய்த பெரிய முயற்சி அது. பார்வை லண்டனிலிருந்து டெல்லிக்கு வந்தது. டெல்லிக்கு வெளியே எவ்வளவு தூரம் போனது என்று கேட்காமலும் இருக்க முடியாது.

1947 ஆசிய மாநாட்டின் விவாதப் பொருள்களில் ஒன்று இனப் பிரச்சினைகளும் ஆசிய நாடுகளுக்கிடையிலான குடிபெயர்வும். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1964 அக்டோபர் 30இல், அதே டெல்லியில் லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்கள். இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்து நாடற்றவர்களாக்கிய மலையகத் தமிழர்களைப் பற்றியது. அவர்கள் இலங்கையின் மக்கள், இலங்கைதான் பொறுப்பேற்க வேண்டும் என்பது நேருவின் நிலைப்பாடு. அவர் மறைந்து ஐந்து மாதங்களில் அது கைவிடப்பட்டது. உடன்பாட்டின்படி, 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இது முடிய 15 ஆண்டுகள். இந்தியாவுக்கு ஏழு பேர் போனால் இலங்கை நான்கு பேரை ஏற்கும் என்ற விகிதம். இடையில் பிறக்கும் குழந்தைகளும் இதே கணக்கில் சேர்வார்கள். மிச்சமிருந்த 1,50,000 பேரை 1974இல் இந்திரா காந்தியும் சிறிமாவோவும் ஆளுக்கு 75,000 என்று பாதிப் பாதியாகப் பிரித்தார்கள்.

தேர்வில் இந்தக் கேள்வி வந்தால் விடை எப்படி இருக்கும் என்று நமக்குத் தெரியும். சீனப் போருக்குப் பிறகு அண்டை நாடுகளின் நல்லெண்ணம் இந்தியாவுக்குத் தேவைப்பட்டது. நீண்ட காலச் சிக்கல் ஒன்று பேச்சுவார்த்தையில் தீர்ந்தது. இருதரப்பு உறவு சீரானது. ஒவ்வொரு வாக்கியமும் சரிதான், முழு மதிப்பெண்ணும் கிடைக்கும்.

மலையகத்தின் ரயில் நிலையங்களில் அந்த உடன்பாடு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தங்கைக்கு இலங்கைக் குடியுரிமை. பிள்ளைகள் ஒரு கரையில், பெற்றவர்கள் மறு கரையில். தலைமன்னார் நோக்கிப் போன அந்த ரயிலுக்கு மலையக மக்கள் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. தலைமன்னாரிலிருந்து கப்பலில் ராமேஸ்வரம், அங்கிருந்து மண்டபம் முகாம். அந்த முகாமைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வேடு எழுதலாம். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டங்களுக்குக் கூலிகளாகப் போனவர்களைத் தொற்றுநோய்ச் சோதனைக்காக நிறுத்திவைத்த இடம் அது. அவர்களுடைய பேரப்பிள்ளைகளைத் தாயகம் திரும்பியோர் என்ற பெயரில் வரவேற்றதும் அதே இடம். 1983க்குப் பிறகு போர் அகதிகளைத் தங்கவைத்ததும் அங்கேதான். திரும்பி வந்தவர்களில் பலரை நீலகிரியில், கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம், அரசின் தேயிலைத் தோட்டங்களில் குடியமர்த்தினார்கள். மறுபடியும் கொழுந்து பறிக்கும் வேலை. 1984இல் கப்பல் நின்றதும், போக வேண்டியவர்கள் என்று கணக்கில் எழுதப்பட்டவர்களில் ஒரு பகுதியினர் போகாமலே தங்கிவிட்டார்கள். அவர்களுக்கு இலங்கை சட்டம் போட்டுக் குடியுரிமை தந்தது 2003இல்.

பத்து லட்சம் பேரை எண்ணிப் பிரித்த ஒரு பேச்சுவார்த்தையில் அந்தப் பத்து லட்சம் பேரின் சம்மதம் கேட்கப்படவில்லை. அவர்களுடைய தலைவர் தொண்டமான் எதிர்த்தார், பயன் இல்லை. ஆகவே இந்த உடன்பாட்டைப் பாடமாக நடத்தும் வகுப்பில் அந்த ஒப்பாரியும் பாடமாக வேண்டும் என்று கேட்கிறேன். இரக்கத்துக்காக மட்டும் கேட்கவில்லை, அறிவுக்காகவும் கேட்கிறேன். 15 ஆண்டில் முடிய வேண்டியது ஏன் 2003 வரை இழுத்தது என்பதை டெல்லி–கொழும்புக் கடிதங்களை மட்டும் படித்துப் புரிந்துகொள்ள முடியாது. போக மறுத்தவர்களின் மனதும், போனவர்கள் திருப்பி எழுதிய கடிதங்களும், மண்டபத்திலும் கூடலூரிலும் அவர்கள் பட்ட பாடும் அந்தக் காரணத்தின் பகுதி. மக்களைக் கணக்கில் எடுக்காத கோட்பாடு, அரசுகளின் நடத்தையையும் அரைகுறையாகத்தான் விளக்கும்.

இப்படிப் படிக்க நேரம் வேண்டும், மொழி வேண்டும், ஆவணம் வேண்டும். மூன்றும் சுருங்கிவருகின்றன. 25 ஆண்டு தாண்டிய கோப்புகளைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1993 பொது ஆவணச் சட்டமும் 1997 விதிகளும் சொல்கின்றன. ஆனால் 1962 சீனப் போர்த் தோல்வியை ஆராய்ந்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையை அரசு இன்னும் வெளியிடவில்லை. 1971 போரைப் பற்றி ஆய்வு செய்யும் இந்திய மாணவர் முதலில் எடுப்பது அமெரிக்க வெளியுறவுத் துறை 2005இல் வெளியிட்ட ஆவணத் தொகுதியை; நிக்சனும் கிஸிஞ்சரும் நம் பிரதமரைப் பற்றி என்ன பேசிக்கொண்டார்கள் என்பது அதில் கிடைக்கிறது. இந்திரா காந்தியின் அறையில் என்ன பேசப்பட்டது என்பதற்கு அந்த அளவு சான்று இங்கே கைக்கு வருவதில்லை. சொந்த நாட்டின் முடிவுகளைப் பிறர் கோப்பில் தேடும் மாணவர், பிறர் பார்வையையும் சேர்த்தே எடுத்துக்கொள்கிறார்.

2022இல் பல்கலைக்கழக மானியக் குழு எம்.ஃபில். பட்டத்தை நிறுத்தியது. முனைவர் பட்டத்துக்கு முன்னால் ஒரு மொழியின் அரிச்சுவடியையாவது தொடவும், ஒரு கேள்வியோடு தடுமாறவும் அந்த இரண்டு ஆண்டுகள் பலருக்கு உதவின. முதுகலையின் நிலைமையோ வேறு. வகுப்பில் இருப்பவர்களில் நிறையப் பேருக்குக் குடிமைப் பணித் தேர்வுதான் கண். அதில் தவறில்லை, எங்கள் வீட்டுப் பிள்ளை கலெக்டராக வேண்டும் என்று கடன் வாங்கிப் படிக்கவைக்கும் குடும்பத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் கோச்சிங் சென்டர் குறிப்புகளில் உலகம் எப்போதும் இந்தியாவுக்கு வாய்ப்புகள், இந்தியாவுக்குச் சவால்கள் என்று இரண்டு பத்தியாக வந்துவிடுகிறது. அந்த இரண்டு பத்திக்கு வெளியே நேபாளத்து விவசாயியும் மாலத்தீவு மீனவரும் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்கும் பழக்கம் இருபத்தைந்து வயதுக்குள் வராவிட்டால், தூதரக மேசையில் உட்கார்ந்த பிறகு வருவது கஷ்டம்.

நம் பக்கத்துக் குறையையும் சொல்ல வேண்டும். இலங்கையைப் பற்றித் தமிழ்நாடு பேசாத நாள் இல்லை. மேடையில் பேசுகிறோம், சட்டமன்றத்தில் தீர்மானம் போடுகிறோம். சிங்களம் படித்து, சிங்களச் செய்தித்தாளை மூலத்தில் வாசித்து, ஒரு தெற்குக் கிராமத்து வாக்காளர் ஏன் அப்படி வாக்களிக்கிறார் என்று விளக்கக்கூடிய ஆய்வாளர்கள் நம்மிடம் எத்தனை பேர்? கடலைத் தாண்டி முப்பது கிலோமீட்டரில் இருக்கும் நாட்டின் பெரும்பான்மை மொழியைப் பற்றி அறியாமல் அந்த நாட்டைப் பற்றிக் கோபப்படலாம், அழலாம். ஆய்வு செய்ய முடியாது. பேராசிரியர் வி. சூரியநாராயண் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தெற்கு, தென்கிழக்கு ஆசிய ஆய்வு மையத்தைக் கட்டி, கச்சத்தீவையும் மலையக மக்களையும் பற்றிப் பல ஆண்டுகள் எழுதினார். அந்த வேலையைத் தொடர்ந்து எடுத்துச்செல்லும் கூட்டம் ஒன்று உருவாகியிருக்க வேண்டும்.

சின்ன இடத்திலிருந்து பார்ப்பதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் பசிபிக்கில் இருக்கிறது. 2019இல் வனுவாட்டுவின் தலைநகர் போர்ட் விலாவில், தென் பசிபிக் பல்கலைக்கழக வளாகத்தில் சட்டம் படித்த 27 மாணவர்கள், பருவநிலை மாற்றத்தைத் தடுக்க நாடுகளுக்குச் சட்டப்படி என்ன கடமை என்று சர்வதேச நீதிமன்றத்திடமே கேட்கலாம் என முடிவு செய்தார்கள். கடல் மட்டம் உயர உயர அவர்களுடைய ஊர்கள் போய்க்கொண்டிருந்தன. வனுவாட்டு அரசு அதைக் கையில் எடுத்தது. 2023 மார்ச் 29இல் ஐ.நா. பொதுச் சபை எதிர்ப்பின்றித் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜூலை 23இல் தி ஹேக் நீதிமன்றம் தன் கருத்தை வெளியிட்டது: பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை, மீறினால் இழப்பீடு வரை பொறுப்பு உண்டு. அந்தக் கருத்து யாரையும் கட்டாயப்படுத்தாது, வல்லரசுகள் நாளையே மாறிவிடப் போவதும் இல்லை. இருந்தாலும் இனி எந்த நாட்டு நீதிமன்றத்திலும் வழக்கறிஞர் ஒருவர் அதை மேசையில் வைக்கலாம். வகுப்பறையில் எழுந்த ஒரு கேள்வி அவ்வளவு தூரம் போயிருக்கிறது.

இடத்தை மாற்றிப் பார்ப்பதில் நமக்கான சோதனை பாக் நீரிணையில் காத்திருக்கிறது. 1974, 1976 உடன்பாடுகள் அங்கே கடலில் கோடு போட்டன. ராமேஸ்வரத்து மீனவரைக் கேட்டுப் போடவில்லை. அந்தக் கோட்டைத் தாண்டியதற்காகச் சுடப்பட்டு இறந்தவர்களின் குடும்பங்கள் நம் கரையோரம் முழுக்க இருக்கின்றன. தமிழ்நாட்டு மாணவர் இதில் தன்னைப் பலவீனர் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது இயல்பு, நியாயமும்கூட. ஆனால் உள்நாட்டுப் போர் நடந்த காலத்தின் பெரும்பகுதி கடலுக்குப் போகத் தடைபட்டிருந்த யாழ்ப்பாண, மன்னார் மீனவர்கள் 2009க்குப் பிறகு சின்னப் படகுகளோடு திரும்பியபோது, எதிரே வந்தவை நம் விசைப்படகுகள். கடலடியை வழித்துக்கொண்டு போகும் இழுவை மடி அவர்களுடைய வலைகளையும் சேர்த்து இழுத்துப் போனது. அவர்களும் தமிழர்கள். அந்தக் கடலில் அவர்களுக்கு நாம்தான் பெரிய நாடு. இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டப்படி தடை செய்தது. அதே ஆண்டு இந்தியா, பாக் நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடலுக்கு மாற்றும் திட்டத்தை அறிவித்தது. தகராறு தீரவில்லை.

இதை ஆய்வுக்கு எடுக்கும் மாணவர் ராமேஸ்வரம் ஜெட்டியில் படகு உரிமையாளரிடமும், அந்தப் படகில் தினக்கூலிக்குப் போகிறவரிடமும், பாம்பன் நாட்டுப்படகுக்காரரிடமும் தனித்தனியே பேச வேண்டும். மூவரும் ஒரே பதிலைச் சொல்ல மாட்டார்கள். பிறகு பருத்தித்துறைக்குப் போய், அறுந்த வலையைக் கொண்டுவந்து காட்டுகிற மனிதரிடம் தமிழ்நாட்டுக்காரராக உட்கார்ந்து கேட்க வேண்டும். அதற்குப் பிறகு கொழும்பு, டெல்லி, சென்னைக் கோப்புகள். நான்கு ஆண்டு வேலை. நெறியாளர் பொறுமையாக இருக்க வேண்டும், நல்கை நடுவில் நிற்கக் கூடாது, எழுதி முடித்ததைத் தமிழிலும் வெளியிட ஒருவர் முன்வர வேண்டும்.